மூன்றாவது பெட்டி

தலவாக்கலை ஆட்டோ ஸ்டாண்டில் ஜீவராஜை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவனுக்குக் கோபமும் கிடையாது. மீன் வாங்கப் போனால் செவுளைத் திறந்து பார்ப்பான், பார்த்துவிட்டு முகர்ந்தும் பார்ப்பான். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தால் பார்மசிக்காரனிடம் போய், "இது என்னத்துக்குத் தம்பி குடுக்கிறது?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்பான். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனால்தான் குளிசை தொண்டைக்குள் இறங்கும். ஹயருக்கு வருகிறவன் சிரித்துக்கொண்டே வந்தால் கண்ணாடியில் அவனை மூன்று தடவையாவது பார்த்துக்கொள்வான். நாற்பத்தைந்து வயது வரைக்கும் இப்படித்தான் ஓட்டியிருக்கிறான். பெரிதாக ஏமாந்ததில்லை.

இப்படிப்பட்ட ஆளுடைய வீட்டுக்கு ஒல்லாந்திலிருந்து, அதுதான் நெதர்லாந்திலிருந்து, மெயில் வர ஆரம்பித்தது.

மெயில் அவனுக்கில்லை, அவன் மனைவி பிரியந்திக்கு. ஒல்லாந்து நாட்டில் வியாபாரம் சொல்லிக்கொடுக்கிற ஒரு பெரிய பள்ளிக்கூடம். அங்கே ஒரு வருஷம் எம்.பி.ஏ. படிக்கலாம். பிரியந்தி கம்ப்யூட்டரில் எதையோ தேடப்போய், அந்தப் பள்ளிக்கூடத்தின் புத்தகத்தை இறக்கிப் படித்திருக்கிறாள். அதில் தன் பெயரையும் விலாசத்தையும் கொடுத்திருக்கிறாள். அன்றைக்குப் பிடித்தது சனியன். பத்து நாளில் ஆறு மெயில். 'அன்புள்ள பிரியந்தி, உங்களுக்கான இடம் காத்திருக்கிறது' என்று ஒன்று. 'அன்புள்ள பிரியந்தி, நாம் பேசலாமா?' என்று இன்னொன்று. அவள் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்ல ஜீவராஜுக்குப் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"நீ இன்னும் அப்ளிகேசனே போடல. அதுக்குள்ள என்ன அன்புள்ள?"

"அது எல்லாருக்கும் போற மெயில்தாங்க. பேர மட்டும் கம்ப்யூட்டரே மாத்திப் போட்டுக்கும்."

"அப்ப இன்னும் மோசம். இந்தா பாரு, ஆளு நெறைஞ்ச பஸ்ல கொண்டக்டர் கத்துவானா? காலி பஸ்லதான் தொண்ட கிழிய 'ஹட்டன் ஹட்டன்'னு கத்துவான். நம்பி ஏறுனா அரை மணி நேரம் ஸ்டாண்டுலயே போட்டு வச்சிருப்பான்."

"காலி பஸ்ஸா இருந்தா எனக்கு நல்லதுதானே. சீட் கெடைக்கும்."

இப்படிப் பதில் சொல்லக் கூடியவள் அவள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சராக இருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு விட்ட படிப்பைத் தொடர்ந்து, வீட்டிலிருந்தபடியே டிகிரி எடுத்தாள். சனி, ஞாயிறு ஹட்டன் வகுப்புக்கு ஆட்டோவில் கொண்டுபோய் விட்டதும் கூட்டிக்கொண்டு வந்ததும் ஏழாம் வகுப்போடு நின்ற ஜீவராஜ்தான். வகுப்பு முடியும் வரைக்கும் வெளியில் நின்று யார் யார் வருகிறார்கள், யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்த்தவனும் அவன்தான். இன்றைக்கு அவள் தலவாக்கலை டவுனில் ரிஸ்வி முதலாளியின் தேயிலைக் கம்பனியில் ஏற்றுமதி மனேஜர். பதினான்கு பேர் வேலை செய்கிற இடம். தூள் வாங்கி, பெட்டியில் அடைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். வெள்ளைக்காரனோடு எழுத்தில் பேசுவது முழுக்க அவள் பாடு.

அவர்களுக்கு ஒரே மகள், லோஜினி, பதினொரு வயது. டவுனுக்கு மேலே ஏழு பேர்ச் காணியில் சின்ன வீடு. பிரியந்தி முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: முழுச் செலவையும் பள்ளிக்கூடமே ஏற்றுக்கொண்டால்தான் போவாள், அப்படி ஒரு உதவி பெண்களுக்கென்றே இருக்கிறதாம். கிடைக்காவிட்டால் பேச்சே இல்லை. அதனால் காசைக் காட்டி ஜீவராஜால் மறிக்க முடியவில்லை. வேறு ஓட்டை தேட வேண்டியிருந்தது. மூன்று வாரமாகத் தேடினான்.

கந்தப்பளையில் ஒருத்தன் ருமேனியாவில் வேலை என்று போய் துபாய் ஏர்போட்டிலேயே திரும்பி வந்த கதையை அவளிடம் சொன்னான். "அது ஏஜென்சிங்க, இது பள்ளிக்கூடம்" என்றாள். பள்ளிக்கூடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டான். போனில் கட்டிடத்தைக் காட்டினாள். "கட்டடத்த யாரும் போட்டோ புடிக்கலாம்" என்றான். பிறகு ஒரு நாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்காரி வீடியோவில் பேச வந்தாள். ஜீவராஜ் சட்டையை மாற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நான் ஒண்ணு கேக்கணும்னு சொல்லு."

"என்னங்க இது..."

"சொல்லு. அங்க படிக்கப் போன பொம்பளைங்கள்ல எத்தன பேரு ஊருக்குத் திரும்பிப் போனாங்க? அதக் கேளு."

பிரியந்தி காது சிவக்கக் கேட்டாள். வெள்ளைக்காரி சிரித்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?"

"நல்ல கேள்வின்னு சொல்றாங்க. பாத்துட்டு மெயில் போடுறாங்களாம்."

"நல்ல கேள்வின்னு சொன்னா பதில் இல்லேன்னு அர்த்தம்."

அந்த ஒரு மெயில் மட்டும் வரவேயில்லை.

இத்தனை சந்தேகத்துக்கும் அடியில் கிடந்தது ஒன்றே ஒன்றுதான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. போனால் திரும்பி வருவாளா? வந்தாலும் இந்த ஆட்டோவில், இந்த ஆள் பக்கத்தில் உட்காருவாளா? இதை வாய்விட்டுக் கேட்டால் ஆம்பிளைக்கு அசிங்கம். அதனால் பள்ளிக்கூடத்தின் மேல் ஒரு குற்றம் வேண்டும். அது அகப்பட்டுவிட்டால் தான் ஒன்றும் சொல்லாமலே காரியம் முடிந்துவிடும்.

ஸ்டாண்டில் மூக்கன் என்று ஒருத்தன். ஜீவராஜுக்குப் பின்னால் நிறுத்துகிறவன். அவன் வாய் சும்மா இருக்காது.

"சி.ஐ.டி. அண்ணே, ஒல்லாந்துக்கு ஆட்டோ போகுமா?"

"உன் வாய மூடிக்கிட்டு வரிசையில நில்லு."

"இல்லண்ணே, அண்ணி அங்க போயி கோட்டு சூட்டுல எறங்குனா, நீங்க எயார்போட்ல பேரு எழுதுன அட்டைய தூக்கிக்கிட்டு நிக்கணும்ல. எழுதத் தெரியுமான்னு கேட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜீவராஜும் சிரித்து வைத்தான். அன்றைக்கு முழுக்க பிரேக்கை வழக்கத்தைவிட அழுத்தி மிதித்தான்.

அப்ளிகேசன் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். திங்கட்கிழமை சாயங்காலம் பிரியந்தி ரொட்டி சுட்டுப் போட்டுக்கொண்டே இன்னும் மிச்சம் இருப்பதைச் சொன்னாள். சேருவதற்கான பரீட்சை கொழும்பில் எழுதியாகிவிட்டது. கட்டுரை ஒன்று பாக்கி: 'உங்கள் வாழ்க்கையில் தோற்றுப்போன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்.'

"இது படிப்பா, பொலிஸா?" என்றான் ஜீவராஜ். "தோத்தத எதுக்குக் கேக்குறான்?"

"தோத்தா என்ன பண்ணுவோம்னு பாக்குறாங்க."

"எதப் பத்தி எழுதப் போற?"

"இன்னும் யோசிக்கல" என்றாள். யோசித்துவிட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. தன்னைக் கட்டியதைத்தான் எழுதப் போகிறாளோ என்று அவனுக்கு ஓர் எண்ணம் சுருக்கென்று வந்து போனது.

"அப்புறம் முதலாளி குடுக்கிற கடிதம். அத அவரே நேரா அனுப்பணும். நான் பாக்கக் கூடாது. பாக்க மாட்டேன்னு ஒரு பெட்டியில டிக் போடணும், போட்டுட்டேன்."

ஜீவராஜ் தட்டைக் கீழே வைத்தான். "ஒன்னப் பத்தி ஒருத்தன் எழுதுறான். அத நீ பாக்க மாட்டேன்னு நீயே ஒப்புக் குடுத்தியா?"

"எல்லாரும் அப்பிடித்தாங்க போடுவாங்க. நான் பாத்தா அவரு மனசு விட்டு எழுத மாட்டார்ல."

"மனசு விட்டு" என்று அவன் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னான். மிச்ச ரொட்டியைத் தொடாமல் எழும்பிவிட்டான்.

காரணம் இருந்தது. ஜீவராஜுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவன் அப்பா சடையன் அக்கரபத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் நின்று நியாயம் பேசுகிற ஆள், தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்க்கிற ஆள். ஒரு தகராறுக்குப் பிறகு தோட்டத்தை நடத்துகிற துரை அவரைக் கூப்பிட்டு, "ஒனக்கு இங்க சரிவராது, பக்கத்துத் தோட்டத்துக்குப் போ, நான் கடிதம் தாறேன்" என்று ஒட்டிய கவரில் ஒரு கடிதம் கொடுத்தார். துரையே கடிதம் கொடுத்தார் என்று அப்பாவுக்குப் பெருமை. சட்டி பானையோடு குடும்பமே கிளம்பியது. பக்கத்துத் தோட்டத்து துரை கவரைப் பிரித்து வாசித்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார், கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்தார். வேலை இல்லை. அப்பா அதே கடிதத்தை இன்னொரு தோட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கேயும் இல்லை. மூன்றாவது இடத்தில் ஒரு கிளாக்கர் மனம் பொறுக்காமல் கூப்பிட்டுச் சொன்னார்: "யோவ், இத இனிமே எங்கயும் காட்டாத. சண்டைக்காரன், சங்கம் கட்டுறவன், சேக்காதீங்கன்னு எழுதியிருக்கு."

மூன்று தோட்டத்துக்கும் அதை வேட்டி மடிப்பில் பத்திரமாகச் சுமந்துகொண்டு போனது அப்பாதான். வேர்வை படாமல் இருக்கப் பொலித்தீன் வேறு சுற்றியிருந்தார். அந்தப் பொலித்தீன்தான் ஜீவராஜுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

புதன்கிழமை பகல், லோஜினியைப் பள்ளியில் இருந்து கூட்டிவந்து வீட்டில் விட்டுவிட்டு, நேராக ரிஸ்வி முதலாளியின் கம்பனிக்கு ஆட்டோவை விட்டான். அன்றைக்குப் பிரியந்தி கண்டியில் பெட்டி அச்சடிக்கிற இடத்துக்குப் போயிருக்கிறாள் என்று பார்த்துத்தான் போனான்.

ரிஸ்வி முதலாளி தூளை ருசி பார்த்துத் தரம் பிரிக்க, மேசை நிறைய வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியால் அள்ளி 'சுர்ர்' என்று உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்தார். அறுபது வயது, தலையில் தொப்பி, மூக்குக் கண்ணாடி நெற்றியில். பக்கத்து மேசையில் அவர் மகள் இல்மா கம்ப்யூட்டரில் இருந்தாள். கொழும்பில் படித்துவிட்டு வந்து ஒரு வருஷமாக அப்பாவுக்கு ஒத்தாசை.

"வாங்க ஜீவராஜ், ஒக்காருங்க. பிரியந்தி கண்டிக்குப் போயிட்டாவே."

"தெரியும் முதலாளி. உங்களத்தான் பாக்க வந்தேன். சும்மா."

"நீங்க சும்மா வர்ற ஆளில்லையே" என்று சிரித்தார். பால் விடாத பிளேன்டி வந்தது. ஜீவராஜ் ஒரு வாய் குடித்துவிட்டு, டயர் விலை, மழை, பாதை உடைந்தது எல்லாம் பேசி முடித்தான்.

"அந்தக் கடிதம் எழுதியாச்சுங்களா?"

"ஆ, அதுவா. இல்மா டைப் பண்ணி வச்சிருக்கா. நாளைக்கு அனுப்பணும்."

"என்ன எழுதியிருக்கீங்க?"

"அது சொல்லக் கூடாதாமே. ரகசியமாம்."

"எங்கப்பாவுக்கும் ஒரு துரை ரகசியமாத்தான் கடிதம் குடுத்தாரு முதலாளி. மூணு தோட்டத்துல வேல கெடைக்கல."

கரண்டி நடுவில் நின்றது. "நான் துரையா?" என்றார் ரிஸ்வி முதலாளி. முகம் கறுத்துவிட்டது. "ஆறு வருஷமா என் மகள் மாதிரி இந்தப் புள்ளய வச்சிருக்கேன். இல்மா மகள், அந்தக் கடிதத்த இவருக்குப் படிச்சுக் காட்டு."

"வாப்பா, காட்டக் கூடாது. போட்டிருக்கு."

"பிரியந்திக்குத்தானே காட்டக் கூடாது? இவர் பிரியந்தியா?"

இல்மா அப்பாவையும் ஜீவராஜையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். பிரியந்தி ஆறு வருஷமாக இங்கே வேலை செய்கிறார். நேரத்துக்கு வருவார். சொன்ன வேலையைச் செய்வார். அவர்மேல் எந்த முறைப்பாடும் இல்லை. அவ்வளவுதான் கடிதம். அதற்குக் கீழே பெட்டிகள். தலைமை தாங்குகிற திறமை, யோசிக்கிற திறமை, பேச்சு, நேர்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து பெட்டி. முதல் பெட்டி மோசம், ஐந்தாவது மிகச் சிறப்பு. ரிஸ்வி முதலாளி எல்லாவற்றுக்கும் மூன்றாவது பெட்டியில் டிக் போட்டிருந்தார். நேர்மைக்கு மட்டும் நாலு.

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஒரு நல்ல வார்த்தையும் இல்லை. சுடுதண்ணீரில் தூளைக் காட்டி எடுத்தது போல ஒரு கடிதம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஜீவராஜுக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.  இந்தக் கடிதம் போனால் காரியம் முடிந்தது. யாரும் மறிக்கவில்லை, யாரும் கெடுக்கவில்லை. அவள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், பிறகு சரியாகிவிடும். எழும்பி, "சரி முதலாளி, வர்றேன்" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பிளேன்டியும் முடிந்துவிட்டது.

அவன் எழும்பவில்லை. வேட்டி மடிப்பும் பொலித்தீனும் கண்ணுக்குள் வந்து நின்றன. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று அப்பாவுக்குத் தெரியாது. இதில் என்ன இருக்கிறது என்று பிரியந்திக்குத் தெரியாது. தெரிந்தவன் அன்றைக்குத் துரை. இன்றைக்கு, இந்த நாற்காலியில், தான்.

"என்னா, திருப்தியா?" என்றார் ரிஸ்வி முதலாளி.

"மூணாவது பெட்டியில போட்டிருக்கீங்களே முதலாளி."

"ஆமா. பின்ன? முப்பது வருஷமா தூள் அனுப்புறேன். எப்பவாவது 'மிகச் சிறப்பு'ன்னு எழுதியிருப்பேனா? சாம்பிள அனுப்புவேன், 'பாத்துக்குங்க'ன்னு எழுதுவேன். ரொம்பப் புகழ்ந்தா வாங்குறவன் சாக்குக்குள்ள கைய விட்டுக் கிளறுவான். சும்மா சாதாரணமா எழுதினா, இவன் பொய் சொல்லாத ஆள்னு எடுப்பான். நான் நல்லது நெனச்சுத்தான் மூணு போட்டேன்."

அவர் நடிக்கவில்லை. முப்பது வருஷம் அப்படியே விற்று, அப்படியே நம்பிக்கை வாங்கியவர். ஜீவராஜே தூள் வாங்குகிறவனாக இருந்தால் அப்படி எழுதுகிறவனிடம்தான் வாங்குவான். அதுதான் அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

"சாம்பிள் அனுப்புவீங்கல்ல முதலாளி? இதுல சாம்பிள் எங்க?"

"என்னா சாம்பிள்?"

"தூளுன்னா அவன் ஊத்திக் குடிச்சுப் பாப்பான். இவள எதுல ஊத்திக் குடிப்பான்? இந்தத் தாள் மட்டுந்தானே போகுது."

இல்மா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "நானும் அதைத்தான் வாப்பா சொன்னேன். மத்தவங்க எல்லாம் அஞ்சுலதான் போடுவாங்க" என்றாள்.

"நீ சும்மா இரு மகள்."

ஜீவராஜ் கோப்பையைத் தள்ளி வைத்தான். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டான். "அவ போகக் கூடாதுன்னு நெனச்சா நேரா சொல்லுங்க முதலாளி. அவ போயிட்டா இங்க அவ மேசை காலியாயிரும். அதுக்காகவா மூணு?"

ரிஸ்வி முதலாளி நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவனைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"நீங்க நெனக்கலையா?"

 வெளியில் ஒரு லொறி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த லொறிச் சத்தம்தான் அவனுக்கு வாயைத் திறந்து விட்டது. "ஜெர்மன்காரனுக்குப் போக இருந்த லோட் ஞாபகம் இருக்கா முதலாளி?"

ரிஸ்வி முதலாளிக்கு ஞாபகம் இருந்தது. கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

நாலு வருஷத்துக்கு முந்திய கதை. யாரோ ஒரு தரகர் கொடுத்த தூள். வரிசையில் முதல் சாக்கும் கடைசி சாக்கும் அருமையான தூள். லொறி ஏற்றி முடிந்து இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிரியந்தி நடுவில் இருந்த சாக்கு ஒன்றை இழுத்துப் போட்டுக் கைவிட்டு முகர்ந்தாள். கழிவுத் தூள் கலந்திருந்தது. வாசல் கேட்டில் லொறிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். ரிஸ்வி முதலாளிக்குக் கப்பலுக்கு நேரம் போகிற பதற்றம். அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினார்: "லயத்துல பொறந்தவளுக்கு வியாபாரம் என்னா தெரியும்? வெலகு!" அவள் விலகவில்லை. மறுநாள் அவரே ஐந்து சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அடுத்த மாதம் அவளை மனேஜராக்கினார். சொன்ன சொல்லைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அன்னைக்கு அவள கூட்டிட்டுப் போக வந்திருந்தேன் முதலாளி. கேட்டுக்கு வெளியில நின்னேன். எல்லாம் கேட்டுச்சு."

"நாலு வருஷமா சொல்லவே இல்லையே."

"அவளும் வீட்டுல வந்து சொல்லல. நானும் கேக்கல." ஜீவராஜ் இல்மாவின் கம்ப்யூட்டரைக் காட்டினான். "அத எழுதுங்க. அதுதான் சாம்பிள்."

"அத எழுதினா என் கம்பனிக்கு என்னா பேரு? நான் கலப்படத் தூள் ஏத்தப் போனேன்னு எழுதவா? நான் கத்தினேன்னு எழுதவா?"

"நீங்கதானே பொய் எழுதாத ஆளு."

 ரிஸ்வி முதலாளி கோப்பைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார். பிறகு மகள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மகள், அத அழி. புதுசா எழுது. நான் ஒரு தப்புப் பண்ணப் பாத்தேன், இந்தப் புள்ள லொறிக்கு முன்னால நின்னு மறிச்சா. அங்கேர்ந்து தொடங்கு."

"கத்தினதும் போடவா வாப்பா?"

"போடு. அந்த வார்த்தைய மட்டும் போடாத. மரியாதையில்லாம பேசினேன்னு போடு."

பெட்டிகளுக்கு வந்தபோது மறுபடியும் இழுபறி. இல்மா எல்லாவற்றிலும் ஐந்து போடச் சொன்னாள். "எல்லாம் அஞ்சு போட்டா நானே நம்ப மாட்டேன்" என்றார் ரிஸ்வி முதலாளி. நேர்மைக்கும் தலைமைக்கும் ஐந்து. மற்றதெல்லாம் நாலு. பேச்சுக்கு மூன்றுதான். "கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவா" என்று பிடிவாதமாக நின்றார். அதை ஜீவராஜாலும் மறுக்க முடியவில்லை. வீட்டில் அவள் அப்படி மெதுவாகப் பேசுவதில்லை என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டான். இல்மா அனுப்புகிற வரைக்கும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். போய்விட்டதா என்று இரண்டு தடவை கேட்டான்.

வெள்ளிக்கிழமை பிரியந்தி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, கம்பனி மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். லோஜினி பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"புதன்கிழம முதலாளிகிட்டப் போனீங்களாமே?" என்றாள் பிரியந்தி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

"யார் சொன்னது?"

"கம்பனி வாட்ச்சர் சொன்னாரு. எதுக்குப் போனீங்க?"

"டயர் விசயமா."

"முதலாளி எப்ப டயர் விக்கத் தொடங்கினாரு?"

"விக்கிறாருன்னு நான் சொன்னேனா? விசயமான்னுதான் சொன்னேன்."

அவள் திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான பதினான்கு வருஷமாக அவள் கண்டுவந்த, அவன் ஊரைப் பார்க்கிற அதே பார்வை. அவனிடமிருந்துதான் பழகியிருப்பாள். நடு சாக்கைப் பிரிக்கவும் அங்கேதான் பழகினாளோ என்னவோ. கேட்டதில்லை.

"எல்லாம் போட்டாச்சுங்க. இந்தப் பொத்தான அமுக்கினா போயிரும்." விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "அமுக்கட்டுமா?"

ஜீவராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இரு. மேலேர்ந்து ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லு."

"எல்லாமா? மணிக்கணக்கா ஆகுங்க."

"ஆகட்டும். எங்க என்ன எழுதியிருக்குன்னு தெரியாம நம்ம வீட்டுலேர்ந்து இனி ஒரு தாளும் போகாது."

அது சரி என்று சொன்னதா, இல்லை என்று சொன்னதா என்று லோஜினிக்கு விளங்கவில்லை. பிரியந்திக்கு விளங்கிவிட்டது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு மேலேயிருந்து தொடங்கினாள். பெயர், பிறந்த இடம், தகப்பன் தொழில், தாய் தொழில். தாய்க்குக் கொழுந்து பறிப்பவர் என்று போட்டிருந்தாள். ஜீவராஜ் ஒவ்வொன்றுக்கும், "ம், அடுத்து" என்றான். ஒரு கட்டத்தில் பாஸ்போட் எண்ணைத் திரும்ப வாசிக்கச் சொல்லிப் புத்தகத்தோடு ஒப்பிட்டான். ஒரு இலக்கம் மாறியிருந்தது. பிரியந்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவன் மூக்குக்குள் சிரித்துக்கொண்டான்.

தோல்விக் கட்டுரைக்கு வந்தபோது அவள் குரல் வேகமானது. ஒரு பத்தி சொன்னாள், அடுத்ததைத் தாண்டிக் கீழே போய்விட்டாள்.

"நிப்பாட்டு. மேல போ." அவன் திரையில் விரலை வைத்தான். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. தன் பெயரை மட்டும் இங்கிலீஷில் எங்கே பார்த்தாலும் அவனுக்குத் தெரியும், லைசன்ஸில் இருக்கிறதே. "இது என் பேரு."

"ஆமா."

"தோத்த கதையில என் பேரு எதுக்கு?"

"ஒரு வரிதாங்க."

"என்ன வரி?"

"முதலாளி கடிதத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுல்ல?" என்றாள் பிரியந்தி. "அது மாதிரி இது உங்களுக்கு."

சொல்லிக்கொண்டே அமுக்கிவிட்டாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, நின்றது. லோஜினி கைதட்டினாள். ஒரு நிமிஷத்துக்குள் 'டிங்' என்று மெயில் வந்தது.

"அன்புள்ள பிரியந்தி" என்று வாசித்தாள்.

"பாத்தியா" என்றான் ஜீவராஜ். "காலி பஸ்தான்."

எழும்பி ஆட்டோச் சாவியை எடுத்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது லோஜினியை மெதுவாகக் கூப்பிட்டு, "ஒனக்கு இங்கிலீசு டீச்சர் எப்பிடி, ஒரு வரிய வாசிச்சுத் தமிழ்ல சொல்ற அளவுக்கு நல்லா சொல்லிக் குடுக்கிறாங்களா?" என்று கேட்டான்.